சில்ட் மீன் தின்னும் திமிங்கிலங்களும் என் தங்கச்சியும்

ஓர்க்காத் திமிங்கிலத்தை நான் வாழ்க்கையில் ஒரேயொரு நாள்தான் நேரில் பார்த்தேன். அந்தப் பயணத்தில்தான் என் தங்கச்சியின் வாழ்க்கையையும் கெடுத்தேன். திமிங்கிலத்தின்மீது பழி ஏதும் இல்லை. அது தன்பாட்டில் மீன் தின்றுகொண்டிருந்தது.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. நாட்டில் சண்டை ஓய்ந்து, யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி எடுத்தால் கிடைக்கும் காலம். ஒஸ்லோவில், புருசெத்தில், மூன்றாம் மாடி வீடொன்றில் நான், மனைவி, பன்னிரண்டு வயது மகள், என் தங்கச்சி ஆகிய நால்வரும் இருந்தோம். நான் பஸ் ஓட்டினேன். தங்கச்சி வயோதிபர் இல்லமொன்றில் வேலை செய்தாள். அவளுக்கு முப்பத்தொரு வயது. அப்பா இல்லை, அம்மா ஊரில். ஆகவே அவளுடைய கலியாணம் என் பொறுப்பு என்று நானே முடிவெடுத்து வைத்திருந்தேன். அதுவரை வந்த ஏழு சம்பந்தங்களையும் குழப்பியவனும் நானே. ஒருவனுக்குப் படிப்புப் போதாது, ஒருவனின் தாய்வழியில் யாரோ ஓடிப்போனது, ஒருவனின் ஊர் சரி, ஆனால் ஊருக்குள் அவன் இருந்த ஒழுங்கை, அந்தச் சின்னத் தெரு, சரியில்லை. இதையெல்லாம் தோண்டி எடுப்பதில் நான் வலு கெட்டிக்காரன்.

எட்டாவது ஆளை அவளே கண்டுபிடித்தாள். திராமன் நகரில், வயதுக்கு வந்த ஒரு பிள்ளைக்கு நடந்த சாமத்தியவீட்டில் பந்தி பரிமாறும்போது பழக்கமாம். அவன் அந்த வீட்டுக்காரரின் ஒன்றுவிட்ட தம்பி. வடக்கே, மலைகளுக்கு நடுவே கடல் நீளமாக உள்ளே புகுந்த ஒரு பியோர்ட் ஓரத்துச் சின்ன ஊரில் இருந்தான். கோடையில் மீன் இறக்கும் துறையில் வேலை. குளிர்காலத்தில் உல்லாசப் பயணிகளுக்குத் திமிங்கிலம் காட்டும் படகில் கையாளாக நிற்பான். இதை அவள் சொன்னபோது நான் சிரித்தேன். ஆனால் பதினைந்து வருடங்களுக்கு முன்பு இந்த நாட்டுக்கு வந்தபோது நானும் வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில்தான் நாலு வருடம் தொர்ஸ்க் மீனை வெட்டிப் பெட்டியில் அடுக்கினேன். அங்கே வந்து சேர்ந்த எங்கள் ஆட்கள் எல்லோரும், வெள்ளாளர், கோவியர், ஐயர் வீட்டுப் பெடியன் உட்பட, ஒரே மேசையில் நின்று மீன் வெட்டியவர்கள்தான். அது தொழிற்சாலை, அது வேலை, கழுவினால் போய்விடும் என்று நினைத்தோம். கடலில் இறங்கி மீன் பிடிப்பதுதான் எங்கள் கணக்கில் பிறப்பு, சாதி.

ஒரு சனிக்கிழமை அவன் வீட்டுக்கு வந்தான். நானும் சும்மா இருக்கவில்லை, லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கிப் போயிருந்த மச்சானை, மனைவியின் தமையனை, வரவழைத்து வைத்திருந்தேன். விசாரணையில் அவர் எனக்கும் குரு. வந்தவன் மெலிந்த, கறுத்த, அமைதியான மனிதன். என் மகள்தான் அவனை முதலில் பேசவைத்தாள். ஓர்க்காவை நோர்வேக்காரர் ஸ்பெக்ஹொக்கர் என்பார்கள், கொழுப்பை வெட்டித் தின்பவன் என்ற கருத்தில்.

"ஸ்பெக்ஹொக்கர் ஃபார்லியா மாமா? ஆக்களைக் கடிக்குமா?" என்று கேட்டாள். ஆபத்தானதா என்பதை அவளுக்கு நோர்வே மொழியில்தான் கேட்க வரும்.

"இல்லைப் பிள்ளை. பேர்தான் அப்பிடி. எங்கடை பக்கத்திலை நிக்கிறது சில்ட் மீன்தான் கூடச் சாப்பிடுறது" என்றான்.

சில்ட் என்பது எங்கள் ஊர்ச் சூடை மீனின் பெரிய சொந்தக்காரன். குளிர்காலத்தில் கோடிக்கணக்கில் பியோர்ட்டுக்குள் வந்து ஆழத்தில் ஒதுங்கும். என் மனைவி வைத்த கச்சான் கடலைத் தட்டை அவன் தன் பக்கத்தில் இழுத்தான். கச்சானெல்லாம் சில்ட். அவனுடைய பத்து விரலும் திமிங்கிலம். "ஒண்டு தனிய ஒண்டும் செய்யேலாது. எல்லாம் சேர்ந்து சுத்தி வளைக்கும். கீழாலை போய்க் காற்றுக் குமிழி விடும். வெள்ளை வயித்தைத் திருப்பித் திருப்பிக் காட்டும். சில்ட் வெருண்டு ஒண்டோடை ஒண்டு ஒட்டிப் பந்து மாதிரி வந்திடும். பிறகு அதை மேலை தள்ளிக்கொண்டு வரும்." கச்சானெல்லாம் தட்டின் நடுவில் குவிந்தது. "பிறகு வாலாலை ஒரு அடி. அடிபட்டு மயங்கிறதை ஒவ்வொண்டாப் பொறுக்கிச் சாப்பிடும். ஒண்டு அடிக்கும், மற்றது வந்து சாப்பிடும். அதிலை சண்டை இல்லை."

மகள் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். தங்கச்சி குசினி வாசலில் நின்று அவனுடைய கையையே பார்த்தாள். மச்சான் தொண்டையைச் செருமினார்.

"தம்பி ஊரிலை எவடம்?"

"யாழ்ப்பாணம்தான் அண்ணை."

"அது தெரியுது. யாழ்ப்பாணத்திலை எவடம்?"

"கன இடம் இருந்தனாங்கள். ஓடி ஓடித் திரிஞ்சதுதானே."

"பள்ளிக்கூடம் எங்கை?" இது நான். "கோயில் எது, கிட்டவா இருந்தது?" இது மனைவி, வடைத் தட்டோடு. "அப்பா என்ன செய்தவர்?" இது திரும்பவும் மச்சான். ஒருவரும் நேராகக் கேட்கவில்லை. அப்படிக் கேட்பது மரியாதை இல்லை. ஆளைச் சுற்றிச் சுற்றி வந்து, ஒழுங்கை, கிணறு, குளம் என்று நெருக்கி, அவன் தானாகவே மேலே வந்து மாட்டிக்கொள்ள வேண்டும். அவனோ சிரித்துக்கொண்டே ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று ஊர்ப் பெயர் சொன்னான். அப்பா எல்லா வேலையும் செய்தவர் என்றான். சைவமா, கிறிஸ்தவ வேதமா என்றதற்கு மட்டும் சைவம் என்று நேராகச் சொன்னான். போகும்போது, "நவம்பரிலை வாங்கோ அண்ணை. அதுகளை ஒருக்கா நேரிலை பாக்க வேணும்" என்று எல்லோரையும் கூப்பிட்டான்.

தங்கச்சி தனியாகப் போவாள் என்ற பயத்தில்தான் நான் வெளிக்கிட்டேன். குமர்ப்பிள்ளையை அப்படி அனுப்ப முடியுமா? முப்பத்தொரு வயதில், ஒரு மாடி முழுக்கக் கிழவர் கிழவிகளைத் தனியாளாகத் தூக்கிக் குளிப்பாட்டும் குமர்ப்பிள்ளை. அது கந்தசட்டி நேரம். மனைவி விரதம் பிடித்திருந்ததால் வரவில்லை, மகளுக்குப் பள்ளிக்கூடம். நான் விரதம் பிடிக்கிற ஆள் இல்லை.

விமானம், பஸ், பிறகு சின்ன விடுதி. காலையில் அவன் எங்களைக் கூட்டிப்போக வந்தபோது நான் தக்காளிக் குழம்போடு தகரத்தில் அடைத்த மீனைப் பாணில் பூசி இரண்டாவது துண்டைத் தின்றுகொண்டிருந்தேன். அவன் எதிரே இருந்து கோப்பி குடித்தான். பிறகு தடித்த செம்மஞ்சள் உடுப்புக்குள் எங்களைப் புகுத்தினான். தங்கச்சியின் கழுத்துப் பட்டியை அவன்தான் இழுத்துப் பூட்டினான். அந்த இடத்திலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

படகில் அவன், நோர்வேக்காரக் கப்டன், நாங்கள், இன்னும் நாலு வெள்ளையர். பியோர்ட் கறுப்பாக இருந்தது. சூரியன் மலைக்குப் பின்னால் வந்த மாதிரி வந்து போய்விட்டது. முதலில் கடற்பறவைகள் ஓரிடத்தில் குவிந்து கத்தின. பிறகு மூச்சு. பெரிய பிரஷர் குக்கரின் ஆவி போவதுபோல ஒரு சத்தம், அதற்குப் பின் இன்னொன்று, இன்னொன்று. கறுப்பு முதுகுகள் எங்களைச் சுற்றி வட்டம் போட்டன. ஓர் ஆண் திமிங்கிலத்தின் முதுகுச் செட்டை ஓர் ஆள் உயரம்.

"அதுக்கு முப்பது வயசு இருக்கும்" என்றான் அவன். "இன்னும் தாயோடைதான். பக்கத்திலை சின்னச் செட்டையோடை போறதுதான் தாய். அவ சொல்லுறதுதான் கூட்டத்திலை சட்டம்."

"அதுக்கும் ஆரும் கலியாணம் பேசேல்லைப் போலை" என்றாள் தங்கச்சி.

அவன் சிரித்துவிட்டு, என்னைப் பார்த்ததும் குரலைத் தணித்தான். "வெளிக் கூட்டத்திலை போய்ச் சேரும். பிறகு திரும்பி அம்மாட்டை வந்திடும்."

தண்ணீர் கொதித்தது. சில்ட் மீன்கள் மேலே வந்து துள்ளின, போக இடமில்லாமல். அடியில் ஒரு வெள்ளை வயிறு பளிச்சென்று திரும்பியது. பிறகு படகின் அடித்தட்டில் யாரோ உலக்கையால் குத்துவதுபோல ஒரு சத்தம். வாலடி. மீன்கள் பக்கவாட்டில் சரிந்து, செவுள் மட்டும் அசைய, நடுங்கிக்கொண்டு மிதந்தன. திமிங்கிலங்கள் அவசரப்படவில்லை. ஒன்று வந்து ஒரு மீனை வாயின் நுனியால் எடுத்தது. அடுத்தது வந்து அடுத்ததை எடுத்தது. ஒரு குட்டிக்கு இடம் விட்டு ஒரு பெரியது விலகி நின்றது. செதில்கள் மட்டும் வெள்ளித் தூளாக மேலே வந்தன. இவ்வளவு பெரிய உடம்புக்கு இவ்வளவு சின்ன மீன். அந்தக் கொலையில் ஒரு கோபமும் இல்லாததுதான் எனக்குப் பயமாக இருந்தது. என் வீட்டில் அந்தச் சனிக்கிழமை நடந்தது எனக்கு அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை. இப்போது வருகிறது, வந்து என்ன பயன்.

வெள்ளையரில் ஒருத்தி, இவை எல்லாமே மீன்தானா தின்னும் என்று கேட்டாள். அவன் நல்ல நோர்வே மொழியில் பதில் சொன்னான். இங்கேயும் சிலது சீல் என்ற கடல்நாயைப் பிடிக்குமாம். கனடாப் பக்கத்தில் மீன் தின்னும் கூட்டம் வேறு, சீல் தின்னும் கூட்டம் வேறாம். ஒரே கடலில் பக்கத்தில் பக்கத்தில் போகும், ஆனால் கலக்காது, இணையாது, போடும் சத்தம்கூட ஒன்றில்லை. இதை நான் மனதில் பத்திரமாகக் குறித்துக்கொண்டேன்.

திமிங்கிலங்கள் நகர்ந்த பிறகு அவன் கைவலையை விட்டு, மிச்சமாக மிதந்த சில்டுகளை அள்ளினான். கத்தி எடுக்கவில்லை. பெருவிரலைச் செவுளுக்குள் கொடுத்து ஒரு முறிப்பு, ஓர் இழுப்பு, தலையும் குடலும் ஒன்றாக வந்தது. அடுத்தது. அடுத்தது. பத்து மீனுக்குப் பத்து விநாடிகூட ஆகவில்லை. நான் அந்தக் கையைப் பார்த்தேன். தொழிற்சாலையில் எங்களுக்கு ஒருவரும் இப்படிக் கற்றுத் தரவில்லை. இது வேலையில் பழகிய கை இல்லை, பரம்பரைக் கை என்று தீர்ப்பு எழுதினேன். அவனுக்குப் பக்கத்திலேயே நின்ற நோர்வேக்காரக் கப்டனும் அதே மீனை அதே முறிப்பில் உடைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கை என் கணக்கில் வரவே இல்லை.

கரையில் படகுக்காரரின் சின்னக் குசினியில் அவன் சமைத்தான். சட்டி சூடானதும் வந்த வாசம் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. அது எங்கள் வீட்டு மிளகாய்த்தூள். என் மனைவி வறுத்து இடித்தது. தங்கச்சி தபாலில் அனுப்பியிருக்கிறாள். எத்தனை மாதமாக என்று தெரியவில்லை. சில்டைப் பொரித்து, சோறும் புளிக்குழம்பும் வைத்து, மூன்று சாப்பாட்டுக் கோப்பைகளில் போட்டான். முதல் கோப்பை எனக்கு.

"நான் இண்டைக்கு மீன், மச்சம் சாப்பிடுறேல்லை" என்றேன். "கந்தசட்டி விரதம்."

தங்கச்சி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். காலையில் என் பாணில் இருந்த மீன் அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவன் என் முன்னாலிருந்த கோப்பைக்குக் கை நீட்டினான்.

"ஓம் அண்ணை. விரதமெண்டால் கட்டாயப்படுத்தக் கூடாது."

கோப்பையை எடுத்துவிட்டு அலுமாரியைத் திறந்தான். உடைக்காத பாண் பைக்கற் ஒன்று, உடைக்காத சீஸ் ஒன்று, பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த புதுக் கத்தி ஒன்று. மூன்றையும் என் முன்னால் வைத்தான். கை கழுவிவிட்டுத்தான் அவற்றைத் தொட்டான். அவன் விரல் படாத சாப்பாடு என்பதை ஒரு சொல் சொல்லாமல் எனக்கு உறுதிப்படுத்தினான். நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும். ஆள் விசயம் தெரிந்தவன், அப்படியென்றால் நான் நினைத்தது சரி என்றுதான் நினைத்தேன். உறையைக் கிழித்துச் சாப்பிட்டேன். தங்கச்சி தன் கோப்பையைத் தின்று முடித்துவிட்டு என்னுடையதையும் எடுத்துத் தின்றாள், முள்ளைக்கூட விடாமல்.

விடுதிக்கு வந்ததும் சொன்னேன். "இது சரிவராது. கடல்லை இருக்கிற மிருகமே தன்ரை ஆளோடைதான் சேருது. கேட்டனிதானே?"

"அதுகளுக்குச் சாப்பாடுதான் வேறை அண்ணை" என்றாள். "எங்களுக்கு அதுவும் வேறையில்லை." பிறகு, "நான் கட்டுறதெண்டால் இவரைத்தான் கட்டுவன். உங்களைக் கேக்கேல்லை, சொல்லுறன்" என்றாள். அவள் என்னிடம் அப்படிக் கதைத்தது அதுவே முதல் தடவை.

ஒஸ்லோவுக்குத் திரும்பி, அவள் வேலைக்குப் போன ஒரு காலையில் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அம்மா ஒருத்திதான் அவளை அசைக்கக்கூடியவள். இப்படி ஒருவன், கடல்வேலை, ஊர் சொல்கிறான் இல்லை, எனக்கென்றால் சந்தேகம் என்று எல்லாவற்றையும் நல்லாகக் கூட்டிச் சொன்னேன்.

அம்மா முதலில் கேட்டது இதுதான்: "குடிக்கிறவனோ?"

"இல்லை."

"பிள்ளைக்குப் பிடிச்சிருக்கோ?"

"அவளுக்கு விசர்."

"தம்பி, இடம்பெயர்ந்து ஓடேக்கை ஒரு வீட்டிலை பதினாலு நாள் கிடந்தனான். கஞ்சி தந்தவையை நான் ஆரெண்டு கேக்கேல்லை. அவையும் என்னைக் கேக்கேல்லை. அவளுக்கு வயசு போகுது. செய்து வை மோனை."

நான் சரி என்று சொல்லிவிட்டு வைத்தேன். இதை எழுதுவதற்குத்தான் இவ்வளவு தூரம் திமிங்கிலத்தைச் சுற்றி வந்தேன். பின்னேரம் தங்கச்சி வந்தாள். குளிர்ச் சட்டையைக்கூட அவள் கழற்றவில்லை. நான் சொன்னேன்: "அம்மாவோடை கதைச்சனான். இது நடந்தால் நஞ்சு குடிச்சுச் செத்துப்போவனெண்டு சொல்லுறா."

"அம்மாவோ அப்பிடிச் சொன்னவா?"

"பின்னை நான் பொய்யே சொல்லுறன்? நீ இப்ப எடுத்துக் கதைக்காதை. அவவுக்குப் பிறஷர். ஏதும் நடந்தால் பிறகு உன்ரை தலையிலைதான்."

சப்பாத்து வைக்கும் தட்டுக்குப் பக்கத்தில் அப்படியே நிலத்தில் இருந்தாள். பூட்ஸிலிருந்து பனி உருகித் தண்ணீர் ஓடியது. என் மனைவி வந்து துடைத்தாள். ஒரு வாரம் கழித்து, தங்கச்சி அவனுக்கு முடியாதென்று சொல்லிவிட்டாள் என்று தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்றால், அவனே எனக்குத் தொலைபேசி எடுத்தான்.

"அண்ணை, நீங்கள் நேரை கேட்டிருந்தால் நான் நேரை சொல்லியிருப்பன்" என்றான். அவ்வளவுதான், வைத்துவிட்டான். அப்போதும் நான் கேட்கவில்லை. அவன் யார், எந்தப் பகுதி என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு தங்கச்சி அம்மாவோடு கதைக்கவில்லை. சண்டை பிடிக்கவும் இல்லை. தொலைபேசியைக் கொடுத்தால், "வேலைக்கு நேரமாகுது, சுகமா இருக்கிறியளே" என்று சொல்லி என் கையில் திருப்பித் தருவாள். அம்மா என்னைக் கேட்பா: "அவள் ஏன் மோனை என்னோடை கோவம்? நான் ஓமெண்டுதானே சொன்னனான்? அந்தப் பெடியன் என்னவாம்?" நான், அவன்தான் மாறிவிட்டான் என்பேன். தங்கச்சிக்கு வேலைக் களைப்பு என்பேன். இரண்டு பக்கமும் காவல் நின்று, ஒன்றை ஒன்று கேட்காமல் பார்த்துக்கொண்டேன். சில வருடத்தில் சண்டை திரும்பத் தொடங்கி யாழ்ப்பாணப் பாதை பூட்டிக் கிடந்த நேரத்தில் அம்மா செத்துப்போனா. எங்களால் போக முடியவில்லை. செய்தி வந்த அன்று தங்கச்சி அழவில்லை. இரவு வேலைக்கு ஆள் போதாது என்று இல்லத்திலிருந்து கூப்பிட, போனாள்.

அந்தக் காலத்தில்தான் செய்தித்தாளில் வாசித்தேன், சில்ட் மீன் குளிர்காலத்துக்கு ஒதுங்கும் இடத்தை மாற்றிவிட்டதாம். திமிங்கிலங்களும் பின்னால் போய்விட்டனவாம். படகுகள் சும்மா கிடக்கின்றன என்று எழுதியிருந்தார்கள். தங்கச்சி அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு மடித்து வைத்தாள்.

அந்தப் பத்தாண்டின் கடைசியில், மகளுக்குப் பத்தொன்பது வயதில், அவள் ஒரு நோர்வேக்காரப் பெடியனை வீட்டுக்குக் கூட்டி வந்தாள். படிப்பில் கெட்டிக்காரன், மரியாதையான பிள்ளை. வடக்குப் பக்கம். தகப்பனுக்கும் பாட்டனுக்கும் கடல்தான் தொழில், சொந்தப் படகு. நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்க எனக்கு ஒன்றும் தோன்றவும் இல்லை. அவர்கள் போன பிறகு லோறென்ஸ்கூக்குக்குத் தொலைபேசி எடுத்து மச்சானுக்குப் பெருமையாகச் சொன்னேன்: "தேப்பன் பெரிய மீன்பிடிகாரன் மச்சான். மூண்டு தலைமுறையாம்."

"அப்ப நல்ல பழைய குடும்பம்தான்" என்றார் மச்சான்.

நான் தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினேன். தங்கச்சி மேசையில் இருந்த கோப்பைகளை அடுக்கிக்கொண்டு நின்றாள். முப்பத்தெட்டு வயது. முன்னந்தலை நரைத்திருந்தது. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"அண்ணை" என்றாள். "நான் அம்மாவுக்காகத்தான் அவரை விட்டனான். இண்டைக்கு அம்மா இருந்திருந்தால், உங்கடை பிள்ளைக்கும் நஞ்சு குடிச்சிருப்பா, என்ன?"

அவள் என்னைக் குற்றம் சாட்டவில்லை. உண்மையாகவே கேட்டாள். செத்துப்போன மனுசியை ஆறேழு வருடமாக மன்னிக்க முடியாமல், அதற்கு ஒரு வழி தேடிக்கொண்டிருந்த முகம் அது. அம்மா எல்லோருக்கும் ஒரே மாதிரித்தான் இருந்திருப்பா என்று தெரிந்தால் போதும் அவளுக்கு. நான் உண்மையைச் சொன்னால் அவளுக்கு அம்மா திரும்பக் கிடைப்பா, அண்ணன் இல்லாமல் போய்விடுவான்.

"ஓம்" என்றேன். "கட்டாயம் குடிச்சிருப்பா."

அவள் தலையாட்டிவிட்டுக் கோப்பைகளைக் கழுவக் கொண்டுபோனாள்.